அப்பாவி என்றொரு உடை

டெய்லர் அக்கா டேப்பை என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தவர் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு அவிழ்த்து, உதறி, மறுபடியும் சுற்றினார்.

"மூச்ச சாதாரணமா உடுங்க மிஸ்."

நான் சாதாரணமாகத்தான் விட்டுக்கொண்டிருந்தேன். போன வருஷத் தீபாவளிக்கு எனக்குச் சுடிதார் தைத்துக் கொடுத்தவர் அவர். என் பழைய அளவு அவர் விரல்களுக்கு நினைவிருந்திருக்க வேண்டும். டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "நல்லா இருக்கீங்களா மிஸ்?" என்று கேட்டார். முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. வயிற்றைப் பார்த்துக் கேட்டார்.

"நல்லாத்தானே இருக்கேன்" என்றேன். கடையை விட்டு இறங்கும்போது துப்பட்டாவை இழுத்து முன்னால் விட்டுக்கொண்டேன். நவம்பர் மாதத்துப் பனி ஏற்காடு பஜாரை மூடியிருந்தது. எதிரில் வருகிறவர் முகம் தெரியாத அந்தப் பனியிலும், யாரோ பார்க்கிறார்கள் என்றே எனக்குப் பட்டது.

அந்தச் சந்தேகம் அன்றைக்குத் தொடங்கியது. என் வாழ்க்கையில் நான் எல்லோரையும் சந்தேகப்பட்டதும், எல்லோரும் என்னைச் சந்தேகப்பட்டதும் அந்த ஒரு மாதத்தில்தான்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. பெண்கள் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றில் வரலாற்று ஆசிரியையாக இருந்தேன். கணவரைப் பிரிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நாகலூர் போகும் சாலையில், காபித் தோட்டத்தை ஒட்டிய வீட்டின் பின்பாதியில் தனியாக வாடகைக்கு இருந்தேன். காலை பஸ்ஸில் பள்ளிக்குப் போய், மாலை பஸ்ஸில் திரும்பி வருவேன். சனிக்கிழமைகளில் சேலம் இறங்க வேண்டியிருந்தால் கணக்கு ஆசிரியர் தன் காரில் ஏற்றிக்கொள்வார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் சேலத்தில் இருந்தார்கள். ஊசி வளைவுகளில் எனக்குக் குமட்டும் என்பதால் முன் இருக்கையைக் கொடுப்பார். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

அந்த வருஷம் ஆண்டு விழாவுக்குப் பிரெஞ்சுப் புரட்சியை நாடகமாகப் போடுவது என்று முடிவாயிற்று. ஆங்கில ஆசிரியை எழுதி இயக்கினாள். அவள் என் சிநேகிதி. இந்த மலைக்கு வந்த நாள் முதல் என்னுடன் சோறு பகிர்ந்து சாப்பிட்டவள். முதல் காட்சியில் பிரபுக் குடும்பத்து மாளிகை. அதில் சீமாட்டிகளாக ஆசிரியைகளே நடிக்க வேண்டும், பெற்றோர் ரசிப்பார்கள் என்றாள். உடைகள் என் பொறுப்பு.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒன்பதாம் வகுப்பில் புரட்சிப் பாடம் நடத்தும்போது ஒரு பீரியடை உடைக்கென்றே ஒதுக்குவேன். ரொட்டி விலையும் வரியும் பிள்ளைகளுக்குத் தூக்கத்தை வரவழைக்கும். பாவாடைக்குள் கூண்டு கட்டிக்கொண்டு, கதவில் பக்கவாட்டாக நுழைந்த சீமாட்டிகளைப் பற்றிச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். திமிங்கலத்தின் வாயிலிருந்து எடுத்த பட்டைகளை வைத்துத் தைத்த கச்சை, அதை முதுகுப்பக்கம் கயிறு போட்டு இறுக்க ஒரு பணிப்பெண், இடுப்பில் தனியே கட்டிக்கொள்ளும் துணிப் பைகள், பாவாடையின் கீறல் வழியாகக் கையை விட்டு அதற்குள் துழாவும் விதம் எல்லாவற்றையும் கரும்பலகையில் வரைவேன். ஊரில் ரொட்டிக்கு மாவில்லாத காலத்தில் இவர்கள் தலையில் மாவைத் தூவிக்கொண்டார்கள் என்று சொல்லும்போது வகுப்பு கொஞ்சம் கோபப்படும். நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன பூப்போட்ட பருத்தித் துணிக்கு அங்கே தடை இருந்தது, அதை உடுத்தித் தெருவில் வந்தவளின் உடையைப் பிடித்துக் கிழித்ததும் உண்டு என்றால், "நம்ம துணியா மிஸ்?" என்று ஒருத்தி பெருமையோடு கேட்பாள்.

அந்த வருஷம் இன்னொன்றும் சொன்னேன். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இறுக்கமான உடைகளுக்கு நடுவே, தோளிலிருந்து தரை வரைக்கும் தடையில்லாமல் விழும் ஒரு தளர்ந்த கவுன் வந்தது. முதுகில் அகல மடிப்புகள். முன்னாலும் அப்படியே. இடுப்பு இருக்கும் இடமே தெரியாது. அதற்கும் முன்னே, ஓர் அரசனின் காதலி தன் கர்ப்பத்தை மறைப்பதற்காக அப்படியொரு உடையை உடுத்தினாள் என்று கதை உண்டு. அந்த உடைக்கு 'அப்பாவி' என்றே பெயர் வைத்திருந்தார்களாம். அந்தக் கதை உண்மையா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு தளர்ந்த கவுனில் யார் வந்தாலும் ஊர் அவளுடைய வயிற்றைத்தான் பார்த்தது.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அது ஆகஸ்ட் மாதம். யார் எந்த வேஷம் என்பதெல்லாம் அப்போது முடிவாகியிருக்கவில்லை.

செப்டம்பரிலேயே என் வயிறு கனக்கத் தொடங்கியது. முதலில் வாயு என்று நினைத்தேன். புடவைக் கொசுவம் நிற்கவில்லை, நழுவியது. மாதவிலக்கு நாட்களில் பள்ளிக்கு மாற்றுப் புடவை எடுத்துப்போக வேண்டியிருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. படுத்துக்கொண்டு கையை வைத்துப் பார்த்தால் தொப்புளுக்குக் கீழே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. கையை உடனே எடுத்துவிடுவேன்.

டாக்டரிடம் போகவில்லை. என் அம்மாவும் முதலில் வாயு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கல்லூரி முடிக்குமுன் கர்ப்பப்பைப் புற்றுநோயில் போய்விட்டார். ஒரு ஸ்கேனுக்குப் போய் வந்த பிறகு எங்கள் வீட்டில் எல்லாம் மாறிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். போகாத வரை எதுவும் மாறாது என்று எனக்குள் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எனவே வேஷம் பிரிக்கும்போது நானே முந்திக்கொண்டேன். "நான் வயசான சீமாட்டி. பழைய ஃபேஷனை விடாதவள். எனக்கு அந்தத் தளர்ந்த கவுன்" என்றேன். மற்ற ஆசிரியைகளுக்கு இடுப்பைப் பிடிக்கும் உடைகள், முன்புறம் முக்கோணத் துண்டு வைத்தவை. சிநேகிதி பேனாவைக் கடித்தபடி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உனக்கா? நம்மள்ல நீதான் ஒல்லி" என்றாள். பிறகு பார்வை கீழே இறங்கியது. "சரி" என்று எழுதிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் டெய்லர் கடைக்குப் போனேன். அதிலிருந்து ஒவ்வொன்றாக நடந்தது.

ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. நின்ற பேச்சு அரிசி விலையில் மறுபடி தொடங்கியது. ஒருநாள் மெஸ்ஸிலிருந்து பப்பாளி நறுக்கி அனுப்பியிருந்தார்கள். தட்டு எல்லோரையும் சுற்றி என்னிடம் வந்தபோது மூன்று பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்குப் பசியில்லை. வேண்டாம் என்றேன்.

"வேண்டாமா மிஸ்? உங்களுக்குப் பிடிக்குமே" என்றார் உயிரியல் ஆசிரியை. குரலில் அத்தனை இனிப்பு.

அப்போதுதான் உறைத்தது. பப்பாளியை எந்தப் பெண் எப்போது ஒதுக்குவாள் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? உடனே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். அதையும் பார்த்தார்கள். நான் வேண்டுமென்றே சாப்பிட்டேன் என்று அதற்கும் ஒரு அர்த்தம் கிடைத்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை கணக்கு ஆசிரியர் கார் ரிப்பேர் என்றார். நான் பஸ்ஸில் போனேன். இரண்டாவது வளைவில் எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு அவருடைய கார் இறங்கியது. முன் இருக்கை காலியாக இருந்தது. ஊர்ப் பேச்சுக்கு ஓர் ஆணும் தேவைப்பட்டிருக்கிறது, அவரைப் பிடித்துக்கொண்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. அவர்மேல் கோபம் வரவில்லை. அவரும் பயந்திருப்பார். ஆனால் ரிப்பேர் என்று பொய் சொன்னதை மன்னிக்க முடியவில்லை.

யார் இதைக் கிளப்பியது? என் புத்தி முழுவதும் அந்தக் கேள்வியிலேயே சுற்றியது. டேப்பைப் பிடித்த கைதான் முதலில் நினைவுக்கு வந்தது.

கவுனைப் போட்டுப் பார்க்க டெய்லர் அக்கா கூப்பிட்டிருந்தார். சேலத்து சோபா துணிக் கடையில் நான் வாங்கி வந்த துணி. சந்தன நிறத்தில் துரு நிறப் பூக்கள். உள்ளே கட்டும் கூண்டை, கூடை முடைகிறவர் ஒருவரிடம் மூங்கில் பிளாச்சில் செய்து வாங்கியிருந்தோம். அக்கா கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எனக்கு உடுத்திவிட்டார். முதுகு மடிப்பு தோளிலிருந்து பிசகாமல் விழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே நான் இல்லை. துணி மட்டும் இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வயிற்றை உள்ளே இழுக்காமல் நின்றேன்.

உள்பக்கத் தையலை அக்கா திருப்பிக் காட்டினார். "ரெண்டு பக்கமும் துணி நெறைய மடிச்சு உட்டிருக்கேனுங்க. ஆண்டு விழாவுக்குள்ள இன்னும் தேவைப்பட்டா பிரிச்சுக்கலாம்."

"எதுக்கு இன்னும் தேவைப்படும்?"

அவர் பல்லில் குண்டூசியைக் கடித்துக்கொண்டார்.

"அக்கா, நேராவே கேக்கறேன். என்னைப் பத்தி யார்கிட்டயாவது ஏதாவது சொன்னீங்களா?"

குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஏனுங்க மிஸ், இந்த பஜார்ல எந்தப் பொம்பள எளச்சா, எவ பெருத்தான்னு எனக்குத்தானுங்க மொதல்ல தெரியும். அதையெல்லாம் வாயில வெச்சுப் பேசுனா இந்தக் கடைய நான் நடத்த முடியுமா? வெள்ளக்கடை ஊர்ல இருந்து வண்டிய முறுக்கிட்டு தெனமும் வந்து கடை தொறக்கறது ஊர்க்கதை பேசறதுக்கா?" டப்பாவை மூடினார். "உங்க ஊட்டு விசயம் உங்களோட. எத்தன மாசம்னு நான் கேட்டனா? கேக்கல இல்ல?"

அவரும் அதையே நினைத்திருக்கிறார் என்பது அந்தக் கடைசி வார்த்தையில்தான் தெரிந்தது. எனக்காக இரக்கப்பட்டு, துணியை அதிகம் மடித்து வைத்து, வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். 'அப்படி இல்லை அக்கா' என்று சொல்ல வந்தேன். அப்படி இல்லை என்றால் வேறென்ன என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. கவுனை மடித்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டொரு நாளில் துணை முதல்வர் தன் அறைக்கு வரச் சொன்னார். ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்தவர். அதட்டமாட்டார், குரலைத் தாழ்த்துவார். அதுதான் பயம்.

"உட்காருங்க. உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மேடம்."

"ஸ்டேஜ்ல நீங்க போடப்போற உடை... அதை மாத்திக்கலாமே?"

"ஏன் மேடம்?"

ஜன்னல் பக்கம் பார்த்தார். சவுக்கு மரங்களுக்கு இடையே பனி நகர்ந்துகொண்டிருந்தது. "பிள்ளைங்க பேசிக்கறாங்க. அந்த உடை எதுக்குப் போடறதுன்னு அவங்களுக்குத் தெரியுமாம். நீங்களே கிளாஸ்ல சொல்லிக் கொடுத்தீங்களாம்."

 ஒன்பதாம் வகுப்பின் சிரிப்பு அப்படியே திரும்பக் கேட்டது. டெய்லரும் இல்லை, வேறு யாரும் இல்லை. எந்தச் சீமாட்டி தளர்ந்த கவுன் போட்டாலும் ஊர் வயிற்றைத்தான் பார்த்தது என்று நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிறகு நானே அதைப் போட்டுக்கொள்ளப் போகிறேன் என்று அறிவிப்புப் பலகையில் வேஷப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் பாடத்தை நன்றாகத்தான் கவனித்திருக்கிறார்கள்.

"மேடம், நீங்க நினைக்கிற மாதிரி இல்லை."

"நான் ஒண்ணும் நினைக்கலை. இது பெண்கள் விடுதி. பெத்தவங்க விழாவுக்கு வருவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவந்து கொடுத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி."

"கர்ப்பம் இல்லைன்னு சர்டிபிகேட்டா?"

அந்தச் சொல்லை நான் உடைத்துச் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. "அப்படி நான் சொன்னேனா?" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். மதியத்துக்கு மேல் வகுப்புகளை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் காபிப் பழம் பறிக்கும் பெண்கள் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். பழம் நிறைய நிறைய அவர்களுடைய வயிறுகள் உப்பிக்கொண்டே வந்தன. ஒருத்தி என்னைப் பார்த்து, "ஏனுங்க மிஸ், இன்னைக்கு நேரமே வந்துட்டீங்க?" என்றாள். அவளையும் சந்தேகப்பட்டேன்.

சாயங்காலம் சிநேகிதி வந்தாள். ஒத்திகைக்கு நான் வரவில்லையே என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நீயும் பேசினியா?"

"என்னத்த?"

"எனக்கு வயித்துல பிள்ளை இருக்குன்னு."

அவள் முகம் சிவந்தது. "பேசல. ஆனா நெனச்சேன். வேஷம் கேட்டியே, அன்னைக்கே நெனச்சேன். நீயா சொல்லுவன்னு காத்துட்டு இருந்தேன். கேட்டா பொய் சொல்லுவ, அத என்னால தாங்க முடியாதுன்னு கேக்கல."

"கேட்டிருக்கலாம்."

"நீ சொல்லியிருக்கலாம். என் வாயை நீ சந்தேகப்படுவன்னு நான் கனவுலயும் நெனக்கல."

இரண்டு பேரும் அழவில்லை. சண்டைக்காரர்கள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். பிறகு நான் அவளுடைய கையைப் பிடித்து, புடவைக்கு மேலேயே என் வயிற்றில் வைத்து அழுத்தினேன். அவள் இரண்டு பிள்ளை பெற்றவள். கையை அங்கும் இங்கும் நகர்த்தினாள்.  கோபம் முகத்திலிருந்து மெல்ல வடிந்தது.

"எவ்வளவு நாளா?"

"செப்டம்பர்ல இருந்து."

"உங்கம்மாவுக்கு..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். அவளுக்கு அந்தக் கதை தெரியும். "நாளைக்கு முதல் பஸ். நானும் வரேன்" என்றாள். உள்ளே வந்து, அடுப்பைப் பற்றவைத்து, அவளே ரசம் வைத்தாள்.

சேலத்தில் ஸ்கேன் எடுத்த பெண் திரையைப் பார்த்துக்கொண்டே என் பெயர், வயது, குழந்தைகள் எத்தனை என்று கேட்டாள். குழந்தை இல்லை என்றேன். அவள் முகத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை. கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டாள். அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

டாக்டர் அம்மா நிதானமானவர். கர்ப்பப்பையில் கட்டி, பெரியது, ஐந்து மாதக் கர்ப்பத்தின் அளவுக்கு வயிறு இருக்கிறது என்றார். சிநேகிதி தரையைப் பார்த்தாள். இந்தக் கட்டிகள் பெரும்பாலும் கெட்டவை இல்லை, ஆனால் இதில் ஒரு பகுதி சந்தேகப்படும்படி இருக்கிறது, எடுத்துப் பரிசோதித்தால்தான் சொல்ல முடியும் என்றார். சந்தேகம்: மலையில் ஒரு மாதமாக என்னைச் சுற்றிவந்த அதே சொல். இந்த முறை அது எனக்கு நியாயமாகப் பட்டது. மறைக்காமல் முகத்துக்கு நேராகச் சொன்னார் அல்லவா.

"ஆண்டு விழா முடிஞ்சு வரட்டுமா டாக்டர்?"

"ஒரு வாரம்தானே? வாங்க. அதுக்கு மேல தள்ளாதீங்க. ரத்தம் நொம்பக் கம்மியா இருக்கு" என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

சர்டிபிகேட் கேட்கலாமே என்று சிநேகிதி சொன்னாள். நான் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பேச்சுக்குக் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். உடையையும் மாற்றவில்லை. துணை முதல்வரிடம் சிநேகிதியே போய், அந்த வேஷத்துக்கு அந்த உடைதான், மாற்றினால் தான் நாடகத்தையே போடப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். காரணத்தை அவள் சொல்லவில்லை. துணை முதல்வர் மறுபடி என்னைக் கூப்பிடவும் இல்லை. நான் போகிற வழியில் எதிர்ப்பட்டால் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்.

விழா அன்று மேடைக்குப் பின்னால் இருந்த வகுப்பறையில் எங்களுக்கு அலங்காரம். தலையில் பஞ்சை ஏற்றி, முடியைச் சுற்றி, அரிசி மாவு தூவினார்கள். மற்ற ஆசிரியைகள் ஒருவர் முதுகை ஒருவர் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டு, மூச்சு முட்டுகிறது என்று சிரித்தார்கள். எனக்கு இறுக்க ஒன்றும் இல்லை. கூண்டைக் கட்டி, மேலே கவுனைக் கவிழ்த்ததும் முடிந்தது. ஓர் ஓரமாக நின்றுகொண்டேன். அந்தக் கூண்டோடு நாற்காலியில் உட்கார முடியாது.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை எனக்கு உதவிக்கு விட்டிருந்தார்கள். படிக்கட்டில் துணி தடுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவரின் மகள். வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவள். மடிப்புகளைச் சரிசெய்துகொண்டே இருந்தவள் திடீரென்று நிமிர்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மிஸ், உள்ள பாப்பாவா?"

இத்தனை நாளில் நேராகக் கேட்டது இவள் ஒருத்திதான். பெரியவர்கள் பப்பாளி கொடுத்துப் பார்த்தார்கள், கார் ரிப்பேர் என்றார்கள், சர்டிபிகேட் கேட்டார்கள். இவள் கேள்வியைக் கேள்வியாகக் கேட்டாள்.

"இல்ல கண்ணு. கட்டி. வர்ற வாரம் ஆபரேஷன்."

அவளுடைய கண்கள் நிறைந்துவிட்டன. "வலிக்குதுங்களா மிஸ்?"

"சில சமயம்."

"நாங்க சிரிச்சோம் மிஸ்" என்றாள்.

"நானும்தான் சிரிச்சேன். துணியைப் பிடி, கூப்பிடறாங்க."

மேடை ஏறும் கதவு குறுகலானது. பக்கவாட்டாகத் திரும்பி, கூண்டை முன்பின்னாக நகர்த்தி நுழைந்தேன். விளக்குக்கு முன்னால் வந்ததும் பெற்றோர் பக்கம் கைதட்டல். ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் அமைதி. அத்தனை பேருடைய பார்வையும் என் முகத்தைத் தாண்டிக் கீழே இறங்கியது எனக்குத் தெரிந்தது. ஓர் உடை ஒரு இடத்தை எவ்வளவு மூடுகிறதோ அவ்வளவு அந்த இடத்தையே காட்டிக்கொண்டிருந்தது. என் வசனம் இதுதான்: இந்தக் காலத்துப் பெண்களுக்கு இடுப்பு இருக்கிறதே தவிர மரியாதை இல்லை. அதைச் சொன்னேன். பெற்றோர் சிரித்தார்கள். விசிறியை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதன் பின்னால் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்குள் கட்டி என்ற செய்தி பள்ளி முழுக்கப் போய்விட்டது. அந்தப் பெண் சொல்லியிருப்பாள். சொல்லட்டும் என்றுதான் நானும் சொன்னேன். பிள்ளை என்ற செய்தி எந்த வேகத்தில் போனதோ அதே வேகத்தில் இதுவும் போனது. மறுநாள் ஆசிரியர் அறையில் எனக்கு வெயில் விழும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உயிரியல் ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு, "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். கணக்கு ஆசிரியர் ஆஸ்பத்திரிக்குத் தானே காரில் கொண்டுவிடுவதாகச் சொல்லி அனுப்பினார். பஸ் இருக்கிறது என்று பதில் சொல்லி அனுப்பினேன்.

எல்லோரும் நம்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆபரேஷன் என்றால் என்ன ஆபரேஷன் என்று ஒரு கூட்டம் கேட்டதாம். வயிற்றோடு போகிறாள், வயிறில்லாமல் வருவாள், கட்டி என்று சொன்னால் நாம் நம்ப வேண்டியதுதானா என்று. சிநேகிதி இதை என்னிடம் மறைக்கப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தே கேட்டு வாங்கினேன்.

கர்ப்பப்பையோடு சேர்த்து எடுத்தார்கள். டெய்லர் அக்கா வண்டியில் சேலம் வரைக்கும் இறங்கி வந்து பார்த்தார். உட்காரச் சொன்னாலும் உட்காராமல் கட்டிலின் கால்மாட்டில் நின்று, "நானும் தப்பா நெனச்சுட்டேனுங்க மிஸ்" என்றார்.

"நானும் உங்களைத் தப்பா நினைச்சேன் அக்கா."

"அது சரிங்க. ஆனா நான் நெனச்சது பாவமுங்க." என் போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டார்.

பரிசோதனை முடிவு வரும்வரை அண்ணன் வீட்டில் இருந்தேன். கைப்பேசி அடித்தாலே வயிற்றுத் தையல் இழுக்கும். கடைசியில் டாக்டர் அம்மாவே பேசினார். கெட்டது இல்லை, சாதாரணக் கட்டிதான் என்றார். "நல்லாப் பாத்தாங்களா டாக்டர்? இன்னொரு இடத்துல பாக்கணுமா?" என்று கேட்டேன். சிரித்தார். "நம்புங்க" என்றார். இரண்டு நாள் கழித்துத்தான் நம்பினேன். அன்றைக்குத்தான் அம்மாவுக்காக முழுசாக அழுதேன்.

பொங்கலுக்குப் பிறகு மலை ஏறினேன். சிநேகிதி சேலம் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். வளைவுகளில் வழக்கம்போல எனக்குக் குமட்டியது. அவள் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

துணை முதல்வர் என்னைப் பார்த்ததும், "ரெஸ்ட் எடுத்திருக்கலாமே, என்ன அவசரம்?" என்றார். சர்டிபிகேட் பற்றிய பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அறையில் நான் உட்கார்ந்து பேசியதில்லை. நின்றே பேசிவிட்டு வந்துவிடுவேன்.

ஒரு வாரம் ஆகியிருக்கும். ஆசிரியர் அறையில் நானும், புதிதாக வந்த இசை ஆசிரியை ஒருவரும் மட்டும் இருந்தோம். அவர் ஆண்டு விழாவின்போது இங்கே இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். உண்மையிலேயே கட்டிதானா?"

"ஆமா" என்றேன்.

"அதானே" என்று தலையாட்டினார். தலையாட்டும்போதே கண்கள் என் இடுப்புக்கு இறங்கி மேலே வந்தன. பெல் அடித்தது. வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு பத்தாம் வகுப்புக்குப் போனேன்.